வானம் மூடுவதற்கு முன் ஒரு கையெழுத்து

வணக்கம் நேயர்களே. வீடு கட்டிப் பால் காய்ச்சிய பிறகும் காண்ட்ராக்டரும் வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் போன கதைகளை, சிவில் இன்ஜினியர் என்ற முறையில் நிறையவே பார்த்துவிட்டேன். கடைசி பில்தான் காரணம் என்பார்கள். அந்த பில்லை வாங்கிப் பார்த்தால் சதுர அடி ரேட்டில் ஒரு தகராறும் இருக்காது, கீழே ‘எக்ஸ்ட்ரா’ என்று நாலைந்து வரி இருக்கும் பாருங்கள், சண்டை முழுக்க அங்கேதான்.

போர்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா, மாடிப்படிக்கு மேலே மொட்டைமாடியில் கட்டும் ஹெட்ரூம் கணக்கில் வருமா, சம்ப்பும் செப்டிக் டேங்கும் யார் செலவு, டைல்ஸ் எந்த விலை வரைக்கும்? இதில் எதையும் பேசாமலே பூஜை போட்டு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிவிடுகிறோம்.

முதல் சிக்கலும் அந்த வானத்தில்தான். வரைபடத்தில் 5 அடி என்று இருக்கும், தோண்டினால் யாரோ எப்போதோ கொட்டி மேவிய மண், கெட்டித் தரை கிடைக்க 7 அடி போகவேண்டி வரும். அந்த 2 அடிக்குத் தோண்டு கூலி, கம்பி, கான்கிரீட் எல்லாம் கூடும். "போட்டுடலாம் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் காண்ட்ராக்டர், வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். அந்த ‘அப்புறம்’ வரும்போது குழி மூடி, மேலே வீடே நிற்கும். ஆழத்தை யார் அளப்பது? இரண்டு பேருமே நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கு 7 அடி நினைவிருக்கிறது, மற்றவருக்கு 6.

பெரிய வேலைகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கொலராடோவில் மலையைக் குடைந்த ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில், 1973இல் திறந்த முதல் பாதைக்குப் பாறை நினைத்ததைவிட மோசமாக இருந்து செலவு எகிறியது. அதனால் 1975இல் இரண்டாவது பாதையைத் தொடங்கியபோதே, தகராறு வந்தால் வேலை நடக்கும்போதே கேட்டுக் கருத்துச் சொல்ல மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்துவிட்டார்கள். நம் வீட்டுக்கு மூன்று பேர் வேண்டாம், இருவரும் நம்பும் ஓர் இன்ஜினியர் போதும், ஆனால் அவர் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை வந்தபின் ஆள் தேடினால், நீங்கள் சொல்பவரைக் காண்ட்ராக்டர் ஏற்கமாட்டார், அவர் சொல்பவரை நீங்கள் ஏற்கமாட்டீர்கள்.

காண்ட்ராக்டர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எழுத்தில் இல்லையென்றால் பணமே கிடைக்காது என்றில்லை, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் முறைப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குக் கோர்ட்டுப் படி ஏறி, மூடிய குழியை நிரூபிக்கவேண்டும். ஏன் இந்தப் பாடு?

சைட்டில் கார்பன் வைத்த ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் தொடங்கும் முன்பே தேதி, அளவு, ரேட், அதனால் எத்தனை நாள் தள்ளிப்போகும், எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாள் கணக்கைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பிறகு கிரகப்பிரவேசத் தேதி தவறியது யாரால் என்று தனிச் சண்டை நடக்கும். வெளியூரில் இருந்து வீடு கட்டுகிறீர்களா? குழியில் டேப்பைப் பிடித்து எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி, "சரி, 7 அடி, இந்த ரேட்" என்று எழுத்திலேயே பதில் போடுங்கள், அதன் பிறகு கான்கிரீட் போடட்டும்.