முதலிடம் 'பிரஸ் யுவர் லக்'குக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகளைத் தூசி தட்டி மறுபடி நடத்துகிறார்களே, அவற்றில் முதலிடம் எதற்கு? 'மேட்ச் கேம்' என்றார் ஒருவர், 'பிரமிட்' என்றார் இன்னொருவர். இரண்டும் 2016இல் ஏபிசி தொலைக்காட்சியில் திரும்பி வந்தவை. இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். என் கட்சி, 2019இல் நடிகை எலிசபெத் பேங்க்ஸ் நடத்த அதே ஏபிசியில் மீண்டு வந்த 'பிரஸ் யுவர் லக்'.

எதிரணி அம்மையார் ஒன்று சொன்னார்: "பலகையில் விளக்கு ஓடுகிறது, பொத்தானை அழுத்துகிறார்கள், விளக்கு நிற்கிற கட்டத்தில் இருப்பது கிடைக்கிறது. இதைக் குரங்குகூட ஆடும்." நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மையாரே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் லார்சன் என்று ஒருவர் இருந்தார். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர். பேராசிரியர் அல்ல, ஐஸ்கிரீம் வண்டி! சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த பழைய 'பிரஸ் யுவர் லக்'கை வீடியோவில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். விளக்கு தாறுமாறாக ஓடவில்லை, ஐந்தே தடங்களில்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு ஐஸ்கிரீம்காரருக்கு இது உறைத்தது! 1984இல் போட்டிக்குப் போனார். முதல் அழுத்தலிலேயே என்ன வந்தது தெரியுமா? வாமி! இருக்கிற பணத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போகிற சிவப்புக் குட்டிப்பிசாசு. மனிதர் அசரவில்லை. இரண்டாம் சுற்றில் அழுத்தினார், பணம். மறுபடி அழுத்தினார், பணம். நடத்துநர் பீட்டர் டொமார்க்கன் திகைக்கிறார், இவர் அழுத்துகிறார், பணம்! கடைசியில் 1,10,237 டாலர். ஒரே நாள் ஆட்டத்தை இரண்டு நாளாகப் பிரித்து ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. விதி எதையும் மீறவில்லை என்பதால் சிபிஎஸ் பணத்தைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. அம்மையாரே, அந்தக் குரங்கு எந்தக் காட்டில் கிடைக்கும்? சொன்னால் நானும் ஒன்று வாங்கி வளர்ப்பேன்.

"அது பழைய கதை, புதிய நிகழ்ச்சிக்கு என்ன பெருமை?" என்று அடுத்து வருபவர் கேட்பார். கேட்கட்டும். நான் என் அப்பாவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. 'மேட்ச் கேம்' போட்டால், கோடிட்ட இடத்தை இரட்டை அர்த்தத்தில் நிரப்புகிறார்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்பா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். புரிந்து அல்ல, நாங்கள் சிரிக்கிறோமே என்று. வெளிநாட்டில் பெற்றோரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

'பிரஸ் யுவர் லக்' ஓடும்போது மட்டும் அவர் சாய்வு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். "போதும்டா, மிச்ச வாய்ப்பை அடுத்தவனிடம் தள்ளிவிடு, பேராசைப்படாதே!" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். ஆட்டக்காரன் கேட்காமல் அழுத்துவான், வாமி வரும். "நான் சொன்னேனா இல்லையா?" என்று பேரனிடம் திரும்புவார். தாத்தா பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று பேரனும் தலையாட்டுவான். அமெரிக்காவில் என் அப்பாவின் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் எங்கள் வீட்டுக் கூடம்தான், நடுவர் அவர்களே.

இதற்குப் பிறகும் 'மேட்ச் கேம்' என்று தீர்ப்பளிப்பதானால் அளியுங்கள். அப்பா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.