பாடிக் காட்டுவதும் எழுதிக் காட்டுவதும்: இசையில் எம்.ஏ., பிஎச்.டி.

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இசையில் இளங்கலை முடிக்கப் போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் கேள்வி ஒன்றுதான்: எம்.ஏ. படித்தால் என்ன கிடைக்கும்? கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சேரி கிடைக்காது. எந்த சபாவும் மார்க் பட்டியலைக் கேட்டு மேடை கொடுப்பதில்லை. குரல் பண்படுவதும் பாடாந்தரம், அதாவது குரு வழியாக வரும் பாட்டு முறை, சேர்வதும் குருவின் முன்னால் உட்கார்ந்துதான். வகுப்பில் இருபது பேரோடு சேர்ந்து கற்கும் கீர்த்தனை அதற்கு ஈடாகாது. "எம்.ஏ.வில்தான் சேர்ந்துவிட்டோமே" என்று பாட்டு வாத்தியாரிடம் போவதை நிறுத்தியவர்களுக்கு நான்காம் செமஸ்டர் செய்முறைத் தேர்வில் அது தெரிந்துவிடும்.

கிடைப்பது வேறு. தோடி ராகத்தில் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஒரே இடத்தில் நிற்காமல் ஆடும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கே தொடங்கி எதுவரை போய்த் திரும்புகிறது, ஏறும்போது ஆடுவதும் இறங்கும்போது ஆடுவதும் ஒன்றா, உங்கள் குரு பாடுவதற்கும் இன்னொரு வித்வான் பாடுவதற்கும் அதில் என்ன வேறுபாடு என்று கேட்டால், பாடிக் காட்ட வருகிறது, சொல்ல வருவதில்லை. காதுக்குத் தெரிந்ததை, கேட்காத இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுத்தில் வைப்பது ஒரு தனி வித்தை. மேற்படிப்பு சொல்லித் தருவது அதைத்தான். அது வேண்டாம், பாடினால் போதும் என்றால் அதில் குறைவொன்றும் இல்லை. இரண்டு வருடத்தை குருவுக்கே கொடுத்துவிடுங்கள்.

இரண்டையும் ஒருசேரச் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையை ஆராய்ந்து முனைவரானார். எஸ். ராமநாதன் அதே பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை எடுத்துக்கொண்டார். இருவருமே கச்சேரிக்காரர்கள், கையில் பாட்டு இருந்ததால் ஆய்வுக்குக் கேள்வி கிடைத்தது.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932இல் இசைப் படிப்பு தொடங்கியது, பி. சாம்பமூர்த்தி வளர்த்த துறை அது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், 2013இல் ஏற்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளும். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களையும் பாட வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு. கட்டடத்தையும் பெயரையும் பார்க்காமல், அங்கே உள்ள ஆசிரியர்களின் ஆய்வேடுகளில் ஒன்றிரண்டை நூலகத்தில் எடுத்துப் புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். பிறகு உங்களுக்கு நெறியாளராக வரப்போகிறவர் அவர்களில் ஒருவர்தான்.

எம்.ஏ. செய்முறையில் பலரும் தடுக்கி விழும் இடம் பல்லவி, ஒரு வரிச் சாகித்தியத்தைத் தாளக் கணக்கோடு விரித்துப் பாடுவது. ஞானம் குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வருவதுதான் காரணம். இப்போதே போட்டுப் பார்த்துவிடுவோம்.

இரண்டு களை ஆதி தாளத்தில், அதாவது எட்டு எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீளும் தாளத்தில், ஒரு ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) 64 மாத்திரை. முதல் நான்கு எண்ணிக்கையான லகு முடிந்து, அடுத்த அங்கமான முதல் திருதம் விழும் இடம் 32. பல்லவியின் முதல் பகுதி வந்து நிற்கும் அருதி அங்கே. பாட்டு தொடங்கும் எடுப்பு, தாளம் தொடங்கும் சமத்திலிருந்து 6 மாத்திரை தள்ளி என்று வையுங்கள். எடுப்பிலிருந்து அருதி வரை 26 மாத்திரை ஆகிறது. தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாகித்தியத்தை மட்டும் இரண்டாம் காலத்தில், இரு மடங்கு வேகத்தில், பாடச் சொல்கிறார்கள், அதாவது அனுலோமம். 26 இப்போது 13. அருதி 32இல் விழ வேண்டுமானால் 19 மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும். பல்லவி முழுவதும் 32 மாத்திரையில் முடிந்துவிடும். 51இல் மறுபடி எடுத்தால் இரண்டாவது அருதி சரியாக அடுத்த சமத்தில் வந்து உட்காரும். நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் 26 என்பது 6½, எடுப்பு 25½. அந்த அரை மாத்திரையில்தான் கை நடுங்கும். பழைய இடத்திலேயே, 6இலேயே, இரண்டாம் காலத்தையும் எடுத்துவிடுகிறவருக்கு அருதி 19இல், லகுவின் மூன்றாவது எண்ணிக்கைக்குள் விழுகிறது. அதற்கு மேல் எத்தனை அழகாக நிரவல் செய்தாலும் தேர்வாளர் பேனாவை எடுத்துவிடுவார்.

திஸ்ரம், அதாவது ஒன்றரை மடங்கு வேகம், இன்னும் வம்பு. 26ஐ ஒன்றரையால் வகுத்தால் 17⅓ வரும்; பாடிக்கொண்டே அதை மனத்தில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. வேறு வழி உண்டு. பல்லவியைத் தொடாதீர்கள், தாளத்தை மட்டும் திஸ்ரமாக எண்ணுங்கள். நான்கு மாத்திரை இருந்த இடத்தில் ஆறு. 32 மாத்திரை தூரம் 48 ஆகிறது. பல்லவியின் 26 அப்படியே 26. 48இல் 26 போனால் 22, அங்கே எடுங்கள். இரண்டு ஆவர்த்தனத்தில் பல்லவி மூன்று முறை வந்து முடியும். எடுப்பை மாற்றாமல் பாடும் வழியைச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியில் பாடுகிறீர்கள் என்று தேர்வாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் வழக்கு வராது.

எழுத்துத் தேர்வுக்கு நாட்டிய சாஸ்திரம், மதங்கரின் பிருஹத்தேசி, சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம், 1550இல் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதி, வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகை எல்லாம் வரும். இவற்றை கைடு புத்தகத்தில் நான்கு வரியாகப் படித்தால் எல்லா நூலும் ஒரே நூலாகத் தெரியும். ஒன்றையாவது மொழிபெயர்ப்போடு முழுதாகப் படியுங்கள். ஸ்வரமேளகலாநிதிக்கும் சதுர்தண்டிக்கும் இடையே மேளம், அதாவது ராகங்களைத் தொகுக்கும் தாய் ஸ்வர வரிசை, என்ற எண்ணம் எப்படி விரிந்தது என்று ஒரு பக்கம் சொந்தமாக எழுத வந்தால், மற்றவை தானாக இடத்தில் வந்து அமரும். தமிழ்ப் பக்கம் சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பழந்தமிழ் இசையின் செம்பாலை இன்றைய எந்த ராகம் என்பதில் சங்கராபரணம் என்பாரும் ஹரிகாம்போதி என்பாரும் இருக்கிறார்கள். விடையை மனப்பாடம் செய்யாமல், இருவரும் உரையின் எந்த வரியை எப்படிப் படித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பாருங்கள். ஆராய்ச்சி அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

இனி பிஎச்.டி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) இப்போதைய விதி 2022இல் வந்தது. எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு. காலம் குறைந்தது 3 வருடம், அதிகம் 6 வருடம். முதலில் குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ்வொர்க், அதாவது வகுப்புப் படிப்பு. எம்.ஃபில். போய்விட்டது. ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டாலும், உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் என்றால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் மேல்வரிசையில் வருபவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வயது 30க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடம் வரை தளர்வு உண்டு. தேர்வு 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலை அது.

தலைப்புக்கு வருகிறேன். பல பேருடைய மூன்று வருடம் இங்கேதான் வீணாகிறது. "தியாகராஜரின் இசைத்தொண்டு" என்பது பாராட்டு விழா மலருக்கான தலைப்பு. அதில் கேள்வி எங்கே இருக்கிறது? தியாகராஜர் சீடர் பரம்பரையில் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று பாடாந்தரங்கள் சொல்கிறார்கள். ஒரே ராகத்தில் ஐந்து கீர்த்தனைகளை எடுத்து, கிடைக்கும் பாடங்களில் சங்கதிகள், அதாவது ஒரே வரியைப் பாடும் மாறுபாடுகள், எங்கே பிரிகின்றன என்று பார்த்தால் அது தலைப்பு. அல்லது 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு எழுத்தில், ஸ்வரம் எப்படி அசைகிறது என்று காட்டும் கமகக் குறிகளோடு அச்சானது. மியூசிக் அகாதமி தமிழ் எழுத்திலும் கொண்டுவந்திருக்கிறது. அதில் ஒரு ராகத்துக்கு உள்ள ஸ்வரக்குறிப்பும் இன்று மேடையில் கேட்பதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கேட்டால், கேள்விக்கு எல்லை கிடைத்துவிடுகிறது. தலைப்பை ஒரே கேள்வியாக, கேள்விக்குறியோடு எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை.

சான்றுகளுக்கு அலைய வேண்டும். தஞ்சை சரஸ்வதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகம், உ.வே.சா. நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், மதுரை சௌராஷ்ட்ர சபையில் உள்ள வாலாஜாபேட்டைச் சுவடிகள், 1930 முதல் வரும் மியூசிக் அகாதமி இதழ்த் தொகுதிகள். சுவடியைப் பார்த்தால் எண், ஏட்டின் பக்கம், பார்த்த தேதி மூன்றையும் அன்றே குறியுங்கள்.

ஒலிப்பதிவை அளப்பது இப்போது எளிதாகிவிட்டது, தப்பாக அளப்பதும்தான். பிராட், சோனிக் விஷுவலைசர் இரண்டும் இலவச மென்பொருள்கள். 5 கட்டை சுருதியில் பாடும் பெண்குரலுக்கு ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். காந்தாரம் 245 என்று வந்தால் விகிதம் 5க்கு 4, அதாவது 386 சென்ட் (ஒரு ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட்). கீபோர்டில் அதே காந்தாரம் 400 சென்ட். இந்த அளவு நிற்கிற ஸ்வரத்துக்குத்தான் செல்லும். ஆடுகிற காந்தாரத்தின் சராசரியைக் கண்டுபிடித்து அட்டவணையில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சராசரியில் குரலை நிறுத்தினால் தோடி வருமா? சராசரியை விட்டுவிட்டு, மேல் எல்லை, கீழ் எல்லை, எத்தனை வேகத்தில் போய் வருகிறது, எந்த ஸ்வரத்திலிருந்து வந்து எதற்குப் போகிறது என்று வரைபடத்தோடு கொடுங்கள்.

பதிவு செய்யும்போது தம்பூராவைப் பாடகர் காதில் ஹெட்ஃபோன் வழியே மட்டும் விடுங்கள். மைக்கில் தம்பூரா புகுந்தால் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் மென்பொருள் தம்பூராவைக் குரல் என்று நினைத்துக் கோடு போடும். வயலின் கூட வாசித்த கச்சேரிப் பதிவு இந்த அளவீட்டுக்கு உதவாது. ஹெர்ட்ஸ் எல்லையை 100 முதல் 700 வரை வைத்தால் 5 கட்டைக் குரலின் மந்தர காந்தாரம் முதல் தார பஞ்சமம் வரை அடங்கும். அப்படியும் கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி கீழே குதித்தால் அது பாடகரின் பிருகா (வேகமான ஸ்வர ஓட்டம்) அல்ல, மென்பொருளின் பிழை. கையால் திருத்த வேண்டும்.

பழைய கிராமபோன் தட்டுகளில் இன்னொரு கண்ணி. 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 80 சுற்றில் ஓட்டிப் பதிவெடுத்திருந்தால் சுருதி ஏறத்தாழ 44 சென்ட் கூடிவிடும், காலப்பிரமாணமும் கூடும். ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. ஆகவே "அந்தக் காலத்தில் இத்தனை கட்டையில் பாடினார்" என்று தட்டை மட்டும் வைத்து எழுதாதீர்கள். காந்தாரத்தைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

ஓதுவார்களையும் நாகஸ்வரக் கலைஞர்களையும் பதிவு செய்யப் போகிறவர்கள், எதற்காகப் பதிவு, எங்கே வைக்கப்படும், இணையத்தில் போடலாமா என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலை அவர்களிடமே கொடுங்கள். சம்பாவனையும் கொடுங்கள். இந்த விஷயத்தில் நம் ஆராய்ச்சியாளர்கள் கஞ்சர்கள்.

பொது வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது ஒலித்துண்டு ஒவ்வொன்றும் 20 வினாடிக்குள் இருக்கட்டும். ஆய்வேட்டில் பக்கத்துக்கு நேராக எண் போட்டு, அதே எண்ணைக் கோப்புக்கும் பெயராக வையுங்கள். அரங்கத்தின் ஒலிபெருக்கியில் காலையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தேர்வாளர் எழுந்து, "வரைபடம் இருக்கட்டும், அந்தப் பிரயோகத்தை இரண்டு விதமாகவும் பாடுங்கள் பார்ப்போம்" என்று கேட்டுவிடுவார். சுருதிப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். செல்ஃபோனில் தம்பூரா இருக்கிறதே என்று போனால், நடுவில் யாராவது கூப்பிட்டுத் தொலைப்பார்கள்.