ஆஸ்கர் வாங்க வந்த நடிகைக்குச் சுவரோரம் தனி மேசை! ஹாட்டி மெக்டேனியலின் கதை

1940, பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் அம்பாசடர் ஹோட்டல். உள்ளே கோகனட் குரோவ் என்ற பெரிய விருந்து அரங்கில் ஆஸ்கர் விழா நடக்கிறது. ஒரு பெண் அன்றைக்குச் சிறந்த துணை நடிகை விருது வாங்கப் போகிறார். அவரோடு நடித்த நட்சத்திரங்கள் எல்லோரும் தயாரிப்பாளரின் மேசையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இவரை மட்டும் அங்கே காணோம். சுவரை ஒட்டிப் போட்ட ஒரு சின்ன மேசையில், தன்னுடன் வந்த ஒருவரோடும் தன் ஏஜென்ட்டோடும் உட்கார்ந்திருக்கிறார். அந்த மேசையும் சும்மா கிடைத்துவிடவில்லை. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் போய்த் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் இவருக்கு வாசலே திறந்தது.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஹாட்டி மெக்டேனியல் பற்றிப் பேசப் போகிறோம். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்று பொது அறிவுக் கேள்விகளில் இவர் பெயரைப் படித்திருப்பீர்கள். எனக்கு விருதைவிட அவருடைய வீட்டுக் கதைதான் ரொம்பப் பிடிக்கும், அதற்கும் வருகிறேன், நடுவில் போய்விடாதீர்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1890களில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள், அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்டவர். குடும்பம் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணனின் நாடகக் குழுவில் பாட்டு, நடிப்பு, அப்புறம் 1920களில் டென்வர் வானொலியில் பாட்டு, சில இசைத்தட்டுகள். அவ்வளவுதான், 1929க்கு வந்துவிட்டோம்.

அந்த வருடம் பங்குச் சந்தை சரிந்தது, ஊர் ஊராகப் போய் நடத்திய மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோயின, கையில் காசில்லாமல் மில்வாக்கியில் மாட்டிக்கொண்டார். ஒரு கிளப்பில் கழிவறைப் பணியாளர் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் மேடையில் பாடிய பெண், அடுத்த அறையில் பாட்டுக் கச்சேரி நடக்க, இந்தப் பக்கம் கையில் துண்டோடு நிற்கிறார், எண்ணிப் பாருங்கள். அவர் பாடுவார் என்று தெரிந்தும் முதலாளி மேடை தரத் தயங்கினார், கடைசியில் ஒருநாள் தந்தார், அதன்பிறகு அந்தக் கிளப்பின் பாடகியே இவர்தான்.

1931ல் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே அண்ணன் சாம் வழியாக ஒரு வானொலி நிகழ்ச்சியில் வாய்ப்பு. 'ஹை-ஹாட் ஹாட்டி' என்று கேட்பவர்கள் நடுவில் பெயர் எடுத்துவிட்டார். ஆனால் அதில் வந்த சம்பளம் வயிற்றுக்குப் போதவில்லை, அதனால் வீட்டு வேலைக்கும் போனார். குரல் வானொலியில் வந்துகொண்டிருந்த அதே நாட்களில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சினிமாவுக்குள் நுழைந்த பிறகு கிடைத்த வேடம் என்ன தெரியுமா? அதே வீட்டு வேலைக்காரி! 1930கள் முழுக்கப் படத்துக்குப் படம் சமையல்காரி, வேலைக்காரி, தாதி. பல படங்களில் பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் வராது. 1935ல் காதரின் ஹெப்பர்ன் நடித்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தில், ஒரு இரவு விருந்துக் காட்சிக்கு மட்டும் வாடகைக்கு வந்த பணிப்பெண்ணாக வருவார். வெக்கையில் தலைத்தொப்பி சரியச் சரிய, எந்த அவசரமும் இல்லாமல் தட்டை நீட்டுவார் பாருங்கள், அந்தக் காட்சியே அவருடையதாகிவிடும்.

சரி, 1939. அவருக்கு அந்த விருதை வாங்கித் தந்த படம், 'கான் வித் த விண்ட்'. எஜமானர் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் அடிமைப் பெண்ணின் வேடம். 'மேமி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அது அப்படிப்பட்ட பெண்களை வெள்ளைக்காரக் குடும்பங்கள் அழைத்த பொதுப்பெயர். அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததா என்று அவ்வளவு நீளமான படத்தில் யாருமே கேட்பதில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு மாடிப்படிக் காட்சி உண்டு. குழந்தை இறந்துபோன துக்கத்தில் வீடே உடைந்து கிடக்கிறது, என்ன நடந்தது என்பதை உடன் நடித்த ஒலிவியா டி ஹாவிலாண்டிடம் சொல்லிக்கொண்டே ஹாட்டி படி ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் குரல் கொஞ்சம் உடையும், மூச்சு வாங்கும், மறுபடி பேச்சைத் தொடருவார். விருது அவருக்குப் போனதே இந்தக் காட்சியால்தான் என்று பலர் சொல்வார்கள், நானும் அதே கட்சி. அன்று அதே விருதுக்கு ஒலிவியாவும் போட்டியில் இருந்தார். பக்கத்தில் படி ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தவரையே இவர் தோற்கடித்தார்!

படத்தின் முதல் திரையிடல் 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில். ஜார்ஜியா மாநிலத்தின் நிறப்பிரிவினைச் சட்டத்தால் ஹாட்டியால் அதற்குப் போக முடியவில்லை. படத்தின் நாயகன் கிளார்க் கேபிள் கோபத்தில் தானும் போகமாட்டேன் என்றாராம், போய் வாருங்கள் என்று இவரே சொல்லி அனுப்பினார் என்கிறார்கள்.

இப்போது திரும்பவும் அந்த விருந்து அரங்குக்கு வாருங்கள். நீலப் பச்சை கவுன், அதில் மின்னும் கற்கள், கூடவே வெள்ளை கார்டீனியாப் பூக்கள். அந்தப் பூவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை வெற்றியாளர் பட்டியலை முன்கூட்டியே அச்சடித்துவிட்டது, மேடையில் பெயர் வாசிக்கும் முன்பே பலருக்கு முடிவு தெரியும். அடுத்த வருடத்திலிருந்து முடிவை ஒட்டிய உறைக்குள் வைக்கும் வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம். தெரிந்திருந்தும் மேடையில் அவர் குரல் தழுதழுத்தது. என் இனத்துக்கும் சினிமாத் தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவளாக இருக்க வேண்டும் என்று சொன்னார், கண் கலங்கிக்கொண்டே இறங்கினார், அந்தச் சுவரோர மேசைக்கே திரும்பிப் போனார். கையில் இருந்தது சிலைகூட இல்லை. அப்போதெல்லாம் துணை நடிகர்களுக்கு ஆறு அங்குலம்கூடத் தாண்டாத ஒரு பலகைதான், அதன்மேல் சின்னதாக ஆஸ்கர் உருவம் பதித்திருக்கும்.

விருதுக்குப் பிறகும் வேலைக்காரி வேடங்கள்தான் வந்தன. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வால்டர் வைட் போன்றவர்கள், இப்படிப்பட்ட வேடங்கள் இனத்தையே கேவலப்படுத்துகின்றன என்று கடுமையாகப் பேசினார்கள். அதற்கு ஹாட்டி சொன்ன பதில் பிரபலம்: வேலைக்காரியாக நடித்தால் வாரம் 700 டாலர், நிஜ வேலைக்காரியாக இருந்தால் 7 டாலர். வால்டர் வைட் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 7 டாலர் வேலையைக் கையால் செய்து பார்த்தவர் சொன்ன கணக்கு இது, என் மனது அவர் பக்கம்தான் போகிறது.

வாருங்கள், வீட்டுக் கதைக்கு. இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன்.

லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் மேட்டில் சில தெருக்கள், அந்த இடத்தின் பெயர் சுகர் ஹில். பெரிய பெரிய வீடுகள். கையில் பணம் சேர்ந்த கறுப்பினத்தவர்கள் அங்கே வீடு வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஹாட்டியும் வாங்கினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் எல்லாம் அதே வட்டாரம். சிக்கல் என்னவென்றால் அந்த மனைகளின் பத்திரத்திலேயே, வெள்ளையர் தவிர யாருக்கும் விற்கவோ குடிவைக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை. அதைக் காட்டி வெள்ளைக்கார அக்கம்பக்கத்தார் சிலர் வழக்குப் போட்டார்கள். வழக்கில் தோற்றால் காசு கொடுத்து வாங்கிய சொந்த வீட்டைவிட்டு இவர்கள் வெளியே போக வேண்டும்! ஹாட்டி சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்களைத் தன் வீட்டுக்கே வரச்சொல்லிக் கூட்டம் போட்டார், எல்லோரும் ஒன்றாக நின்று வழக்கை நடத்தினார்கள். வக்கீல் லாரன் மில்லர். 1945 டிசம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிமன்றத்தில் ஆதரவாளர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். நீதிபதி தர்மண்ட் கிளார்க் சுகர் ஹில்லுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார். மறுநாள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியல் சட்டத்தின் 14வது திருத்தம் தரும் உரிமை எந்த மழுப்பலும் இல்லாமல் இவர்களுக்கும் உண்டு என்றார். இதோடு முடியவில்லை. அதே மில்லர், என்.ஏ.ஏ.சி.பி. வக்கீல் தர்குட் மார்ஷலோடு சேர்ந்து இதே மாதிரி வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1948ல் இந்த மாதிரி நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. திரையில் அடுத்தவர் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், தன் வீட்டு வாசலில் நின்று ஜெயித்திருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வர வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். மனசு வலிக்கிற விஷயம் ஒன்றும் இருக்கிறது: 1960களில் சான்டா மோனிகா நெடுஞ்சாலை சுகர் ஹில்லை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது.

1947ல் 'பியூலா' வானொலித் தொடரின் நாயகி ஆனார், அமெரிக்க வானொலித் தொடர் ஒன்றின் நாயகியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதே கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது சில பகுதிகளில் நடித்தார், மார்பகப் புற்றுநோய் அதற்குமேல் விடவில்லை. 1952 அக்டோபர் 26 அன்று இறந்தார்.

அவர் உயிலில் எழுதியிருந்தது இது: வெள்ளைச் சவப்பெட்டி, தலையிலும் கையிலும் வெள்ளை கார்டீனியாப் பூ, ஹாலிவுட் மயானத்தில் இடம். மயானம் மறுத்துவிட்டது, அங்கே வெள்ளையர் மட்டும். ரோஸ்டேல் மயானத்தில் புதைத்தார்கள். ஹாலிவுட் மயானத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்க 1999 ஆனது. 2010ல் கறுப்பின நடிகை மோனிக் அதே துணை நடிகை விருதை வாங்க மேடை ஏறியபோது தலையில் ஒரு கார்டீனியாப் பூ வைத்திருந்தார், ஹாட்டிக்கு நன்றி சொன்னார். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள், கட்டாயம்.

அப்புறம் அந்தப் பலகை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு என்று எழுதிவைத்தார், அங்கே இருந்தது, பிறகு எப்போதோ காணாமல் போனது. 2023 அக்டோபரில் ஆஸ்கர் அகாடமி புதிதாக ஒன்று செய்து பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. 1940ல் ஹாட்டி கையில் பிடித்து அழுத அந்தப் பழைய பலகை இன்னும் கிடைக்கவில்லை.