பாயிண்ட்ஸ் சேர்ப்பதற்கு என்ன பேர் வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், ஊருக்கு டிக்கெட் போட்ட கதை வராமல் இருக்காது. அதில் ஒருவர் "பாயிண்ட்ஸ்லயே போட்டுட்டேன்" என்பார். "அப்போ ஃப்ரீயா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். விமானப் பயணத்திலும் கிரெடிட் கார்டு செலவிலும் சேரும் பாயிண்ட்ஸை, அதாவது மைல்களை, பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுப்பதுதான் இது. இந்தப் பொழுதுபோக்குக்கு அங்கே பல பெயர்கள் உண்டு. டிராவல் ஹேக்கிங் என்பார்கள், சர்னிங் என்பார்கள், பாயிண்ட்ஸ் அண்ட் மைல்ஸ் என்பார்கள். எல்லாம் ஒரே காரியத்துக்கான பெயர்கள்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அடியில் வேறு வேலை, வேறு செலவு, வேறு ஆபத்து. அது புரியாமல் இறங்குகிறவர்கள்தான் பணத்தை விடுகிறார்கள்.

ஆரம்பத்தில் இது பறந்து சேர்க்கிற விஷயமாக மட்டும் இருந்தது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைல் உங்கள் கணக்கில் ஏறும். மலிவான டிக்கெட்டில் தூர ஊருக்குப் போய், இறங்கிய கையோடு திரும்பி வந்தாலும் மைல் கிடைக்கும். இதற்கு மைலேஜ் ரன் என்று பெயர். 2015-ல் டெல்டாவும் யுனைட்டெடும், அடுத்த ஆண்டு அமெரிக்கனும், பயணத்துக்குத் தரும் மைல்களைத் தூரத்தை விட்டு டிக்கெட் விலைக்கு மாற்றின. மலிவு டிக்கெட்டுக்குச் சொற்ப மைல்தான் என்றானதும் அந்த ஓட்டத்துக்கு அர்த்தமில்லாமல் போயிற்று.

விளம்பரச் சலுகையைக் கூர்ந்து படித்துச் சேர்ப்பது இன்னொரு வழி. 1999-ல் ஒரு உணவு நிறுவனம், பார்கோடுகளை அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்தது. டேவிட் ஃபிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா பொறியாளர் அதன் 12,150 புட்டிங் டப்பாக்களைச் சுமார் 3,140 டாலருக்கு வாங்கி, அவற்றின் பார்கோடுகளை அனுப்பி, பன்னிரண்டரை லட்சம் மைல்களுக்கு மேல் பெற்றார். அவர் ஏமாற்றவில்லை. நிறுவனம் எழுதிய விதியை முழுசாகப் படித்தார், அவ்வளவுதான். இதை ஹேக்கிங் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் நேர்மையான கணக்கையும் குறுக்கு வழியையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இன்றைக்குப் பெரும்பாலான பாயிண்ட்ஸ் கிரெடிட் கார்டிலிருந்து வருகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வங்கி அதில் ஒரு பகுதியைக் கொண்டு விமான நிறுவனத்திடம் மைல்களை மொத்தமாக வாங்கி நமக்குத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரில் சாதாரண கிரெடிட் கார்டுகளுக்கு இந்த வங்கிக் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிவைத்தது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. இந்தப் பொழுதுபோக்கு அங்கே செழித்து, ஐரோப்பாவில் மெலிந்து கிடப்பதற்கு முக்கியமான காரணம் இது. அமெரிக்காவிலேயே டெபிட் கார்டில் பாயிண்ட்ஸ் அருகிப்போனதும் இதனால்தான். 2011 அக்டோபர் முதல் பெரிய வங்கிகளின் டெபிட் கட்டணத்துக்கு வரம்பு வந்துவிட்டது.

கார்டு வழியில் முதல் பெயர் சர்னிங். புதுக் கார்டு வாங்கி, வரவேற்பு போனஸ் பெற்று, பிறகு அடுத்த கார்டுக்குப் போவது. மூன்று மாதத்தில் 4,000 டாலர் செலவழித்தால் 60,000 பாயிண்ட்ஸ் என்கிற மாதிரி நிபந்தனை இருக்கும். தடுக்கி விழும் இடங்கள் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மூன்று மாதம் கார்டுக்கு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், தபாலில் கார்டு வந்த நாளிலிருந்து என்று நினைத்தால் பத்து நாள் போச்சு. ஆண்டுக் கட்டணம் அந்த 4,000-ல் சேராது. கார்டில் எடுத்த ரொக்கமும் சேராது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழியும். ஆகவே கடைசி வாரத்தில் 4,000-ஐத் தொட்டுவிட்டு நிற்காமல், 200 டாலராவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கிகளும் விழித்துக்கொண்டுவிட்டன. 24 மாதத்தில் எந்த வங்கியிலானாலும் ஐந்து புதுக் கார்டு வாங்கியவருக்குச் சேஸ் வங்கி பொதுவாகக் கார்டு தராது. கணவர் கார்டில் மனைவியைக் கூடுதல் பயனராகச் சேர்த்தால், அதுவும் மனைவியின் எண்ணிக்கையில் ஏறிவிடலாம். வீட்டில் இரண்டு பேரும் சேர்ப்பதாக இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

இரண்டாவது பெயர் மேனுஃபாக்சர்டு ஸ்பெண்டிங், அதாவது இல்லாத செலவை உண்டாக்குவது. அமெரிக்க நாணயசாலை 2008-ல் ஒரு டாலர் நாணயங்களை அஞ்சல் செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. பலர் கார்டில் வாங்கி, நாணயங்களை அப்படியே வங்கியில் கட்டி, மைல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் அந்த நாணயங்களுக்குக் கார்டில் பணம் ஏற்பதை நாணயசாலை நிறுத்தியது. இப்போது அதே வேலை, கிஃப்ட் கார்டு வாங்கி, அதை மணி ஆர்டராக்கி, வங்கியில் கட்டுவதாக நடக்கிறது. 2021-ல் அமெரிக்க வரி நீதிமன்றம் இப்படியொரு வழக்கில், கிஃப்ட் கார்டு வாங்கியதால் வந்த கேஷ்பேக் வருமானமல்ல, நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதால் வந்தது வருமானம் என்று பிரித்துத் தீர்ப்புச் சொன்னது. விசாவை நம்பி இருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை மூடினால், விளக்கம் சொல்ல நேரமும் தெம்பும் வேண்டும்.

இனி "ஃப்ரீ" என்ற பேருக்கு வருவோம். ஒரு டிக்கெட் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாயிண்ட்ஸில் போட்டால் 60,000, அதோடு வரி 150 டாலர். 1,200-ல் 150 கழித்தால் 1,050. அதை 60,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 1.75 சென்ட். நல்ல விலைதான். அதே இருக்கைக்கு எரிபொருள் கட்டணமும் சேர்த்து 600 டாலர் கேட்டால்? ஒரு பாயிண்ட் 1 சென்டுக்கு இறங்கிவிடும். சேஸ் பாயிண்ட்ஸைப் பணமாக எடுத்தாலே 1 சென்ட் கிடைக்கும்போது, அந்த டிக்கெட்டுக்கு அவற்றைக் கொடுப்பது வீண். லண்டன் வழியாகச் சென்னைக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸில் அதன் பாயிண்ட்ஸான ஏவியோஸ் கொடுத்துப் போகிறவர்கள் இந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். யுனைட்டெட் மைல்களில் போட்டால் எரிபொருள் கட்டணம் வசூலிப்பதில்லை. இன்னொன்று, கார்டு பாக்கி நின்றால் எல்லாக் கணக்கும் கவிழும். 4,000 டாலர் பாக்கிக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றால் மாதம் 80 டாலர். ஒரு வருஷம் இழுத்தால் அந்த 60,000 பாயிண்ட்ஸின் மதிப்பு அநேகமாகக் கரைந்துவிடும்.

அதனால் வீட்டில் இதைப் "பாயிண்ட்ஸ் சேர்க்கிறோம்" என்றே சொல்லுங்கள். சேர்ப்பது என்றால் வரவு, செலவு, காலாவதி மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்பது தானாகவே நினைவுக்கு வரும்.

நம் மக்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது டிக்கெட்டில் இருக்கும் பேர். நாம் இனிஷியல் வைத்து எழுதுகிறவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பேர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம், விழும். வங்கியில் ஒரு வரிசை, மைலேஜ் கணக்கில் இன்னொரு வரிசை என்றால் வங்கிப் பாயிண்ட்ஸை மைலேஜ் கணக்குக்கு மாற்றும்போது தடைபடும். மாற்றிய பாயிண்ட்ஸ் வங்கிக்குத் திரும்பவும் வராது. ஆகவே முதலில் இருக்கை இருக்கிறதா என்று தேடுங்கள், இரண்டு கணக்கிலும் பேர் ஒன்றுதானா என்று பாருங்கள், அதன் பிறகே மாற்றுங்கள். அப்பா அம்மாவைச் சிங்கப்பூர் வழியாக அழைத்துவர சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களை வைத்திருப்பவர்கள், அவர்கள் இருவர் பேரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் நாமினி பட்டியலில், அதாவது உங்கள் மைல்களில் டிக்கெட் போடக்கூடியவர்களின் பட்டியலில், முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். அதில் ஐந்து பேருக்குத்தான் இடம். மைல்களுக்கும் மூன்று ஆண்டுகள்தான் ஆயுள்.

வணக்கம்.