காதால் பார்த்த வில்லன்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அம்மா, ஆச்சி, அடுத்த வீட்டுப் பெரியம்மை, மதினிமார் என்று ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டிப் போட வேண்டும். ஆயிரம் பீடி முடிகிறவரை கையும் கண்ணும் அந்த வேலையை விட்டு நகராது. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும்.

ஒரு முழுப் படத்தை வசனமும் பாட்டுமாகச் சுருக்கிக் காதுக்குப் போடுவார்கள். படம் பார்க்கக் காசு இல்லாத எங்களுக்கு அதுதான் கொட்டகை. அதனால் நான் வில்லன்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்த்தவள். கதாநாயகனின் அழகு வானொலியில் தெரியாது. வில்லனின் கெட்ட புத்தி அச்சு அசலாகத் தெரியும். 'மகாதேவி' படத்தில் பி.எஸ்.வீரப்பா சிரிக்கும்போது ஆச்சி கையிலிருந்து பீடி நழுவி சொளவில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1957-இல் வந்த படம். அவரது முகம் எப்படி இருக்கும் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிரிப்பு தெரியும்.

வில்லன்களையும் ரீமேக் படங்களையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கதையைக் கொண்டுவருவது எளிது. கதாநாயகனைக் கொண்டுவருவதும் எளிது, நல்லவன் எந்த ஊரிலும் நல்லவன்தான். வில்லனை மட்டும் அப்படித் தூக்கிவந்து இறக்கிவைக்க முடியாது. இந்த மண்ணில், இந்தப் பேச்சில், அவன் மறுபடி பிறக்க வேண்டும். நான் பார்த்த ரீமேக்குகளில் மனதில் நின்றவை எல்லாம் வில்லன் அப்படிப் பிறந்த படங்கள்தான்.

'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்து 1965 பொங்கலுக்கு வந்தது. தெலுங்கில் முந்தைய ஆண்டு என்.டி.ராமராவ் நடித்த 'ராமுடு பீமுடு'தான் அதன் மூலம். பிறகு 1967-இல் இந்தியில் திலீப் குமாரை வைத்து 'ராம் அவுர் ஷியாம்'. மூன்றையும் இயக்கியவர் ஒருவரே, தாபி சாணக்யா. வில்லன் தெலுங்கில் ராஜனாலா, தமிழில் நம்பியார், இந்தியில் பிராண்.

நம்பியாரின் கஜேந்திரன் வெளியிலிருந்து வந்த ரவுடி கிடையாது. அந்த வீட்டு மூத்த பெண்ணைக் கட்டியவன், வீட்டு மாப்பிள்ளை. சொத்தெல்லாம் அவன் கையில். மச்சினனைச் சாட்டையால் அடிக்கிறான். பண்டரிபாய் கணவனைத் தடுக்கவும் முடியாமல், தம்பியை விடவும் முடியாமல் தவிக்கிறார். ஒலிச்சித்திரத்தில் முதலில் சாட்டைச் சத்தம் வரும், பிறகு தம்பியின் அலறல், அதன் மேல் அக்காவின் அழுகை. எங்கள் திண்ணையில் அப்போது ஒருவரும் பேசமாட்டார்கள். ஆச்சி மட்டும், "எடுபட்ட பயலே, அந்தப் பிள்ளைய விடுலே" என்று வானொலிப் பெட்டியைப் பார்த்துத் திட்டுவாள். அந்தத் திண்ணையில் இருந்த ஏதோ ஒரு மதினிக்கு வீட்டில் அதே மாதிரி ஒரு மனுஷன் இருந்தான் என்பதும், மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக அவனை ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை என்பதும் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பிற்பகுதியில் சாட்டை எம்.ஜி.ஆர். கைக்கு வரும். அதே சாட்டைச் சத்தம், அலறுகிற குரல் மட்டும் மாறியிருக்கும். கொட்டகையில் விசில் பறக்கும் இடம் அது. திண்ணையில் பெண்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பல வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் 'ராம் அவுர் ஷியாம்' போட்டார்கள். வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை இந்தி தெரியாது. பிராண் வந்து நின்றதும் ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, இவன்தான் நம்ம நம்பியாரு." நடையிலும் பார்வையிலுமே கண்டுபிடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் வீடு வடக்கேயும் உண்டு, ஆந்திரத்திலும் உண்டு. அதனால்தான் அந்த வில்லனால் மூன்று மொழியிலும் அந்தந்த வீட்டு ஆளாக இருக்க முடிந்தது.

காதால் மட்டும் கேட்டு ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. 'வாராய் நீ வாராய்' பாட்டைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, வானொலியில் எத்தனையோ முறை கேட்டு உருகியிருக்கிறேன். காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். பிறகு 'மந்திரி குமாரி' படத்தைப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுப் போனது. பாடிக்கொண்டே மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறவன் அவளைத் தள்ளிக் கொல்லத்தான் கூட்டிப் போகிறான். எஸ்.ஏ.நடராஜன் நடித்த அந்தப் பார்த்திபனைப் போல இனிமையான வில்லனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் அவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்டு, சுற்றிவந்து, அவனையே தள்ளிவிடுகிறாள். கலைஞர் மு.கருணாநிதி எழுதி 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் உள்ள கதைதான் அது. பழைய கதையை நம் காலத்துக்கு மறுபடி எடுப்பது இங்கே புதுசு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து ரகுவரன். இவரைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. கே.எஸ்.ரவிக்குமாரின் முதல் படம் 'புரியாத புதிர்', 1990-இல் வந்தது. 'தர்க்கா' என்ற கன்னடப் படத்தின் ரீமேக். சந்தேகம் பிடித்த கணவனாக ரகுவரன். ஒரு காட்சியில் "ஐ நோ" என்ற இரண்டே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் குரல் வேறு. ஒன்றில் கெஞ்சல், ஒன்றில் கேலி, ஒன்றில் கத்தியின் கூர். இப்போது பிள்ளைகள் அதை வெட்டியெடுத்து வேடிக்கைக்குப் பயன்படுத்துகிறார்கள். படத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வராது. மனைவி எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியும்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில் அவள் எப்படி மூச்சு விடுவாள்?

'முதல்வன்' படத்திலும் அவர்தான் வில்லன், முதலமைச்சர் அரங்கநாதன். 1999. ஷங்கரே அதை 2001-இல் இந்தியில் 'நாயக்' என்று எடுத்தார், அங்கே அம்ரீஷ் புரி. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிருபர் முதலமைச்சரைக் கேள்வி கேட்கிற பேட்டிக் காட்சிக்காகவே பார்த்தேன். அம்ரீஷ் புரி பெரிய நடிகர், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அவரது குரல் இடி. இடி இடித்தால் மழை வரும் என்று நமக்குத் தெரிந்துவிடும், ஒதுங்கிக்கொள்ளலாம். ரகுவரன் குரலை இறக்கிப் பேசுவார். துண்டு போட்டுக்கொண்டு நம் ஊர் மேடையில் தினம் பார்க்கிற மனிதர் போல இருப்பார். எங்கே ஆபத்து என்றே தெரியாது. அந்தப் பேட்டியில் கேள்வி இறுக இறுக அவர் முகம் மாறுவதை நான் சொல்லி நீங்கள் புரிந்துகொள்வதைவிட இன்று இரவு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2008 மார்ச்சில் ரகுவரன் போனார், அதே ஆண்டு நவம்பரில் நம்பியார். எனக்கு அது இரண்டு துக்கம் விழுந்த வருஷம்.

ஒரே நடிகர், ஒரே பாத்திரம், இரண்டு மொழி. இப்படி ஒன்று அமைந்தால் ரசிகர்களுக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. 2003-இல் தெலுங்கில் 'ஒக்கடு', 2004-இல் தமிழில் 'கில்லி'. இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான் வில்லன். அங்கே கர்நூல்காரன் ஓபுல் ரெட்டி, ராயலசீமைப் பகை அரசியலில் ஊறியவன். அந்தப் பகையை அப்படியே கொண்டுவந்து மதுரையில் வைத்திருந்தால் நமக்கு ஒட்டியிருக்காது. இயக்குநர் தரணி அதைச் செய்யவில்லை. முத்துப்பாண்டி என்ற பெயர், மதுரைத் தெரு, கூடவே ஒரு சொல், "செல்லம்". நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற சொல் அது. அவன் கட்டாயப்படுத்திக் கட்ட நினைக்கிற பெண், தன் இரண்டு அண்ணன்களையும் கொன்ற அவன் வாயிலிருந்தே அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

2024-இல் படத்தை மறுபடி திரையிட்டபோது தம்பி மகன் என்னைக் கூட்டிப் போனான். முத்துப்பாண்டி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அரங்கம் முழுக்க "செல்லம்" என்று கத்தியது. எனக்குச் சந்தோஷமும் இருந்தது, ஒரு நெருடலும் இருந்தது. இருபது வருஷத்தில் அந்தச் சொல் செல்லமாகவே ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தில் பின்னால் வந்து அந்தக் குரலில் அந்தச் சொல்லைச் சொன்னவர்களைக் கடந்துபோன பெண்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பிரகாஷ்ராஜ் அவ்வளவு உண்மையாக நடித்ததால்தான் இவ்வளவும் என்று தம்பி மகனிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அத்தை, நான் இப்படி நினைச்சதே இல்ல" என்றான்.

'தனி ஒருவன்' பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முன் மோகன் ராஜா எடுத்தவை பெரும்பாலும் தெலுங்கிலிருந்து வந்த ரீமேக்குகள். 2015-இல் தன் சொந்தக் கதையோடு வந்தார். மறு வருஷமே தெலுங்குக்காரர்கள் அதை 'துருவா' என்று எடுத்தார்கள். கதாநாயகன் மாறினார், வில்லன் அரவிந்த்சாமி மாறவில்லை. ஒரு படத்தில் எதை மாற்றவே முடியாது என்று நினைக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது அல்லவா?

இன்னொரு பக்கம், நம் படங்களுக்கு வெளியூரிலிருந்து உயரமான, முறுக்கேறிய உடம்போடு வில்லன்களைக் கூட்டிவருகிறார்கள். உதடு ஒன்று சொல்ல, இரவல் குரல் ஒன்று சொல்கிறது. அந்த நடிகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பலர் திறமைசாலிகள். ஆனால் என்னைப் போல் காதால் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வில்லன் அங்கே இல்லவே இல்லை. அவன் அடிக்கிறான், பயம் வரவில்லை.

கடைசியாக எங்கள் ஊர்ப் படம். 2013-இல் மலையாளத்தில் ஜீத்து ஜோசப் எடுத்த 'த்ரிஷ்யம்', 2015-இல் அவரே எடுத்த 'பாபநாசம்'. இடுக்கி மலைக் கதை தாமிரபரணிக் கரைக்கு வந்தது. ஜெயமோகன் வசனம். கமல்ஹாசன் சுயம்புலிங்கமாக வந்து எங்கள் பேச்சைப் பேசினார். கலாபவன் ஷாஜோன் செய்த காவலர் வேடத்தை இங்கே கலாபவன் மணி செய்தார், பெயர் பெருமாள். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்து அவர் சுயம்புலிங்கத்தைப் பார்க்கிற பார்வையில் ஒரு சின்ன ஊர்க் காவலரின் அத்தனை அதிகாரமும் இருந்தது. பெரிய குற்றவாளிகளை அவருக்குத் தெரியாது. கேபிள் டி.வி. வைத்திருக்கிற ஒருவன் தன்னை மதிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. தொலைக்காட்சியில் போட்டபோது முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், பழைய ஒலிச்சித்திரம் மாதிரி. பெருமாள் குரல் வந்ததும், "இவன் போலீஸ்காரன்தான்" என்றாள். உடுப்பைப் பார்க்காமலே. சுயம்புலிங்கத்தின் சின்ன மகளை அவன் அடிக்கிற இடத்தில், ஆச்சி நம்பியாரைத் திட்டிய அதே வார்த்தையால் திட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆச்சரியம். காணாமல் போன தன் மகனைத் தேடி, அடிக்கச் சொல்லி உத்தரவு போடுகிற பெரிய போலீஸ் அதிகாரி கீதா பிரபாகர், இரண்டு மொழியிலும் ஆஷா சரத். அவளையும் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடைசியில் அந்தத் தாயும் தகப்பனும் சுயம்புலிங்கம் முன்னால் வந்து நின்று, மகன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிற இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்பது வருஷமாக வில்லன்களைச் சபித்த திண்ணையிலிருந்து வந்தவள் அவள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். அம்மா கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கு வேற பிள்ளை இருக்கா?"

"இல்லம்மா, ஒரே பிள்ளை" என்றேன்.

அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

வணக்கம் நேயர்களே.