வார்டில் மாணவிகளைத் துச்சமாக நடத்துவது சகஜம்தானா?

அடுத்த கேள்வி, நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு தங்கை அனுப்பியது. சுருக்கிச் சொல்கிறேன். வார்டு போஸ்டிங்கில் யாரும் இவர் பெயரைக்கூடக் கேட்பதில்லையாம், "ஏய் ஸ்டூடெண்ட்"தானாம். சந்தேகம் கேட்டால் ஒரு பெருமூச்சு, அப்புறம் நோயாளி முன்னாலேயே "இதுகூடத் தெரியாதா?" ஹேண்ட்ஓவர் நேரத்தில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரங்களை ஒப்படைக்கும் நேரத்தில், பக்கத்தில் போய் நின்றால் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். "இது சகஜமா, இல்லை நான்தான் தொட்டாற்சிணுங்கியா?" என்று கேட்கிறார்.

சகஜம்தான் தங்கச்சி. 1986-லேயே ஜூடித் மைஸ்னர் என்ற அமெரிக்க நர்சிங் ஆசிரியை, நம் குஞ்சுகளை நாமே தின்கிறோமா, அதாவது புதிதாக வருகிற நர்சுகளை நாமே நோகடிக்கிறோமா என்று கேட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய வியாதி. சகஜம் என்பதற்காகச் சரி என்று ஆகிவிடாது.

முதலில் கண்டிப்பையும் அவமதிப்பையும் பிரித்துப் பாருங்கள். டிரெஸ்ஸிங் பண்ணும்போது உங்கள் ஸ்டெரைல் கிளவுஸ் கட்டில் ஓரத்தில் பட்டுவிட்டது, சிஸ்டர் "நிறுத்து, கிளவுஸை மாற்று" என்று அதட்டலாகவே சொன்னார் என்றால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அது நோயாளிக்காகச் சொன்னது. நீங்கள் கிளவுஸை மாற்றிவிட்டு வந்த பிறகும் "உன்னையெல்லாம் யார் இந்தப் படிப்பில் சேர்த்தது" என்று தொடர்ந்தால் அந்தப் பேச்சுக்கும் புண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திட்டுகூடப் பரவாயில்லை, காதில் விழுகிறது. பெருமூச்சு, முகத்தைத் திருப்புவது, கேட்டும் கேட்காத மாதிரி போவது, இவைதான் பிடிபடாதவை, ஏனென்றால் கேட்டால் "நான் ஒன்றுமே சொல்லலையே" என்று சொல்லிவிடலாம். வேலையிட அநாகரிகத்தைப் பற்றி ஆண்டர்சன், பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியதிலும் இதுதான் அடையாளம்: சின்னதாக இருக்கும், வேண்டுமென்றே செய்தாரா என்பது தெளிவாக இருக்காது.

ஸ்டாஃப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கை நிறைய நோயாளிகள், ஆள் பற்றாக்குறை, அதற்கு நடுவில் பத்து மாணவிகளைக் கேட்காமலே தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே மணி நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் குரல் குழைகிறது இல்லையா? அப்போது களைப்பு மட்டுமே காரணம் என்று எப்படி நம்புவது.

உங்கள் மனவருத்தத்தோடு இது முடிவதில்லை, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2015-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 24 குழுக்கள், பொம்மைக் குழந்தையை வைத்துப் பயிற்சி. அவற்றில் ஒரு பகுதிக் குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் லேசாக மட்டம்தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி.

மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 100 யூனிட் என்று போட்டிருக்கிறது, கையில் இருப்பதோ மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்காகக் கோடு போட்ட சிரிஞ்ச். 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். ஏதோ இடிக்கிறதே என்று அவளுக்குத் தோன்றும், சிஸ்டர் முகத்தைப் பார்ப்பாள், காலையில் வாங்கிய திட்டு ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வாள். அதனால் மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், திட்டு விழுந்தாலும் "சிஸ்டர், இந்த டோஸை ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

மற்றதற்கு என்ன செய்வது? மார்த்தா கிரிஃபின் என்பவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்சுகளுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டிய பதில்களைச் சின்ன அட்டையில் அச்சடித்து, அடையாள அட்டையோடு மாட்டிக்கொள்ளக் கொடுத்தார். நல்ல யோசனை, ஆனால் அந்த வாக்கியங்களை மாணவி அப்படியே சொன்னால் வாயாடி என்று பேர் வாங்கிவிடுவாள். கொஞ்சம் இறக்கி, "நான் தப்பு பண்ணினா சொல்லுங்க சிஸ்டர், திருத்திக்கிறேன், பேஷண்ட் முன்னால மட்டும் வேண்டாமே" என்று தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். முன்னாடியே நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அதற்கும் மாறவில்லையா, தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதிவைத்து, தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராக, வார்டில் உங்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியரான கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள். செய்த பயிற்சிகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் ஸ்டாஃப் கையெழுத்துப் போட மாட்டார்களோ என்ற பயம் நியாயமானதுதான், அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். இன்ஸ்ட்ரக்டரே அப்படி நடந்தால் அவருக்கு மேலே இருப்பவரிடம். கை வைப்பது, ஆபாசப் பேச்சு, ஃபெயிலாக்கிவிடுவேன் என்ற மிரட்டல் இவையெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது, அதற்குப் பொறுமையும் வேண்டாம், பயிற்சி வாக்கியமும் வேண்டாம், அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். சரி, அடுத்த கேள்வி.