பந்தி மாறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். விமான நிலையச் செயல்பாட்டுப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "அண்ணே, இவனுக்கும் ஏர்போர்ட்டில் ஒரு வேலை சொல்லுங்கள்" என்கிறார்கள். "என்ன வேலை பார்க்க ஆசை?" என்று பிள்ளையைக் கேட்டால், "மேனேஜர்" என்கிறான். ஆசை நல்ல ஆசைதான். முதல் நாளே அந்த நாற்காலி கிடைக்காது, அவ்வளவுதான்.

எங்கள் ஐயா சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடைப்பெட்டி அருகில் உட்கார்ந்து ஏவின வேலையைச் செய்ய வேண்டும். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள், எல்லாம் தேறினால் ஏஜெண்ட். விமான நிலையத்திலும் வரிசை ஏறக்குறைய இதேதான். பெட்டியடிக் காலத்தை வெயிலிலும் மழையிலும், விமானங்கள் நிற்கும் தளத்தில் கழிக்க வேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது? நம் கல்யாண வீட்டில் பந்தி மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட்டு, தண்ணீர் வைப்பதற்குள் வாசலில் ஆட்கள் நெருக்குவார்கள். விமானம் வந்து திரும்புவதும் அப்படித்தான். உள்நாட்டுச் சேவை என்றால் அரை மணி, முக்கால் மணிக்குள் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பயணிகளை இறக்கி, பெட்டிகளை எடுத்து, உள்ளே கூட்டித் துடைத்து, எரிபொருள் நிரப்பி, அடுத்த பெட்டிகளை ஏற்றி, எடைக் கணக்குத் தாளை விமானியிடம் கொடுத்தாக வேண்டும். பந்தியில் பாயசம் பிந்தினால் பேச்சோடு போகும். இங்கே ஒரு விமானம் பிந்தினால், அது நிற்கும் இடத்துக்கு வரவேண்டிய அடுத்த விமானம் எங்கே நிற்பது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் செயல்பாட்டுப் பிரிவின் பிழைப்பு.

இன்னொரு வேலை ஓடுதளச் சோதனை. விடியும் முன் ஜீப்பில் போய் ஓடுதளம் முழுவதையும் கண்ணால் துழாவ வேண்டும். ஓர் ஆணி, ஒரு தகரத் துண்டு, செத்த பறவை என எதுவும் கிடக்கக் கூடாது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதற்கு முன் கிளம்பிப் போன வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த ஓர் உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்ததில் தொடங்கியது அந்த விபத்து. பறவைகள் தனித் தலைவலி. மழை பெய்து புழு பூச்சி கிளம்பிய மறுநாள் கொக்கும் பருந்தும் இறங்கும். புல்லை எந்த உயரத்தில் வெட்டி வைப்பது என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு.

திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியே ஓடுதள எண்ணைப் பாருங்கள். இரண்டு ஊரிலும் ஒரு முனையில் 09, மறுமுனையில் 27. திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்து எழுதுவது அது. 90 பாகை கிழக்கு, 270 மேற்கு. இது தெரிந்தால் நேர்முகத் தேர்வில் வேலை கிடைத்துவிடாது. ஆனால் ஆர்வம் உள்ள பிள்ளை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

நம் செட்டிநாட்டுக்கு இந்தத் துறை புதிதும் அல்ல. காரைக்குடியில் கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பர் தாமே விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமே நடத்தினார். இன்று காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் திருச்சி. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும்படி கட்டிய புது முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய விமான நிலைய ஆணையத்தின் செயல்பாட்டுப் பிரிவுக்குப் பொறியியல் பட்டமோ, அறிவியல் பட்டத்தோடு எம்.பி.ஏ.வோ கேட்பார்கள். வாகனம் ஓட்டும் உரிமமும் வேண்டும். ஓடுதளத்தை நடந்தா சுற்றுவது? வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். தரைச்சேவை நிறுவனங்களில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். பெட்டி ஏற்றும் இடத்தில் தொடங்கியவர்கள் பலர் பின்னாளில் எனக்கே உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று. என் தங்கை மகன் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தான். பெரிய தொகை கட்டினோம். கோட்டு சூட்டோடு ஒரு புகைப்படமும் ஒரு சான்றிதழும் வந்தன, வேலை வரவில்லை. வேலைக்கு உத்தரவாதம் என்று யாராவது பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். ஆணையத்தின் வேலை அறிவிப்புகள் அதன் சொந்த இணையதளத்திலேயே வருகின்றன.

நான் பெட்டியடியாக இருந்த காலத்தில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஓடுதளப் பராமரிப்பு 20:30 மணிக்குத் தொடங்கும் என்று அறிவிப்பில் இருந்தது. இரவு எட்டரை மணிக்கே தார் வண்டியையும் ஆட்களையும் கேட்டுக்கு வரவழைத்துவிட்டேன். வானத்தில் ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. மூத்தவர் ஓடிவந்து நிறுத்தினார். "தம்பி, இங்கே கடிகாரம் இரண்டு" என்றார். விமானத் துறை அறிவிப்புகள் உலக நேரத்தில் வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அவர்கள் சொன்ன 20:30, நமக்குப் பின்னிரவு இரண்டு மணி. தேதியும் மாறிவிடும். அன்றிலிருந்து என் இடது கையில் ஒரு கடிகாரம், சட்டைப் பையில் இன்னொன்று. இங்கே வாசலில் ஆச்சிமார் கோலம் போடுகிற காலை ஐந்தரை மணிக்கு, அந்தச் சட்டைப் பைக் கடிகாரத்தில் இன்றும் 00:00 என்று புது நாள் தொடங்குகிறது.